கற்பூரம் ஏற்றாத சத்தியம்

வேட்டி முடிப்பில் கற்பூரத்தைக் கட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்கு வந்தவர் என்று நான் பார்த்தது ஒரே ஒருவரைத்தான். அவர் பெயர் தர்மலிங்கம். கள்ளிக்குப்பத்துக் குடியானவர். பூந்தமல்லியில் ஒரு பள்ளிவாசலின் முற்றத்தில், கைகால் கழுவும் தண்ணீர்த் தொட்டியருகே நின்றுகொண்டு முடிப்பை அவிழ்த்தார். ஒரு கட்டிக் கற்பூரத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இது எதுக்கு?" என்றேன்.

"இன்னா கிளார்க்கய்யா இப்டி கேக்கறீங்க? சத்தியம்னா கற்பூரம் அணைக்க வேணாமா?"

பக்கத்தில் நின்ற பள்ளி இமாம் நல்ல பொறுமைசாலி. "இங்க கற்பூரம் ஏத்தற வழக்கம் இல்லீங்க" என்றார்.

"ஏத்தறதுக்கு இல்ல சாமி. அணைக்கறதுக்குத்தான்."

அணைக்க வேண்டுமானால் முதலில் ஏற்ற வேண்டும் என்பதை நான் எடுத்துச் சொன்னேன். தர்மலிங்கம் சிறிது யோசித்துவிட்டுக் கற்பூரத்தை மறுபடி முடிந்துகொண்டார். எனக்குக் கோர்ட்டார் கொடுத்த உத்தரவில் கற்பூரம் என்ற சொல்லே இல்லை. இல்லாததை அனுமதிக்க எனக்கு அதிகாரமும் இல்லை.

நான் அங்கே போனது கமிஷனராக. வாசகர்கள் போலீஸ் கமிஷனரை நினைத்துக்கொள்ள வேண்டாம். அப்போது நான் முன்சீப் கோர்ட்டில் பெஞ்சு கிளார்க். கோர்ட்டுக்கு வெளியே நடக்க வேண்டிய ஒரு காரியத்தைக் கோர்ட்டின் சார்பில் போய் நடத்திவிட்டு வருகிறவனுக்கு, அந்த ஒரு நாளைக்கு மட்டும், கமிஷனர் என்று பெயர். மறுநாள் காலை பழையபடி வழக்குக் கட்டுகளுக்கு நூல் கோக்க வேண்டும்.

சென்ற வாரம் எழுதியதைப் படித்த ஒரு வாசகர், ராக்கெட் விடுகிற காலத்தில் மதத்தால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று என்னிடம் கேட்டிருக்கிறார். கோர்ட் குமாஸ்தாவிடம் கேட்கிற கேள்வி அல்ல அது. ஆனால் வெள்ளைக்காரன் காலத்துக் கோர்ட்டுக்கு மதத்தால் பிரயோஜனம் இருந்தது. அதற்கென்று தனியாகச் சட்டமே போட்டு வைத்திருந்தான். அந்த அளவுக்கு மட்டும் எனக்குத் தெரியும். அந்த அளவுக்கு மட்டும் சொல்கிறேன்.

டவாலி சொன்ன கடவுள்

சாட்சிக் கூண்டில் ஏறுகிறவர் இந்துவானாலும் முஸ்லிமானாலும் சத்தியப் பிரமாணம் செய்வதில்லை, பிரதிக்ஞைதான். சட்டம் அப்படி. கிறிஸ்தவர்களுக்கு மட்டும் பைபிள். எங்கள் கோர்ட் பைபிளைச் சிவப்புத் துணியில் சுற்றி என் மேஜைமேல் வைத்திருந்தோம். கிறிஸ்தவச் சாட்சிகள் வருவது அபூர்வம், காற்று அடிப்பது தினமும் என்பதால், அது பெரும்பாலும் காகிதங்கள் பறக்காமல் பார்த்துக்கொண்டது.

மற்றவர்களுக்குக் கோர்ட் சேவகன் டவாலி வாசகத்தைச் சொல்லுவான்: சர்வ வல்லமையுள்ள கடவுள் முன்னிலையில் நான் சொல்வதெல்லாம் உண்மை. முதுகைச் சொறிந்துகொண்டு சொல்லுவான். கொட்டாவிக்கு நடுவில் சொல்லுவான். சாட்சியும் அதே வேகத்தில் திருப்பிச் சொல்லிவிட்டு, நிம்மதியாகப் பொய் சொல்ல ஆரம்பிப்பார்.

கோர்ட் வாசல் புளியமரத்தடியில் சாட்சி சொல்வதையே தொழிலாக வைத்திருந்த இரண்டு பேர் உண்டு. காலையில் ஒரு கட்சிக்கு, மத்தியானம் இன்னொரு கட்சிக்கு. ஒரு முறை அவர்களில் ஒருவர், டவாலி பாதி சொல்வதற்குள் மீதியைத் தானே முடித்துவிட்டார். முன்சீப் நிமிர்ந்து பார்த்தார். "பழக்கம்ங்க" என்றார் அந்த மனிதர்.

முன்சீப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் நிறையப் படித்தவர். நெற்றியில் ஒன்றும் இட மாட்டார். கடவுள் உண்டா என்று வக்கீல்கள் சிற்றுண்டி வேளையில் வம்புக்கு இழுத்தால், "அதைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை, விசாரணைக்கு வரவில்லை" என்பார்.

கிணறு

வழக்கு ஒரு கிணற்றைப் பற்றியது.

கள்ளிக்குப்பத்தில் கோவிந்தன், தர்மலிங்கம் என்று அண்ணன் தம்பி. அப்பன் சொத்தை வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டார்கள். கிணறு தம்பியின் நிலத்துக்குள் விழுந்தது. அதனால் ஒரு நாள் அண்ணன், ஒரு நாள் தம்பி என்று தண்ணீர் இறைத்துக்கொள்வதாகப் பேச்சு. வாய்மொழிப் பாகப்பிரிவினை சட்டப்படி செல்லும். நிரூபிப்பதில்தான் சங்கடம்.

அண்ணன் காய்ச்சலில் போய்விட்டார். அவர் மனைவி கன்னியம்மாள் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு கத்திரியும் கீரையும் போட்டுக் காலம் தள்ளினாள். சில வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை.

பிறகு யுத்தம் வந்தது. ஆவடிப் பக்கம் பட்டாளம் வந்து இறங்கியது. பட்டாளத்துக்குக் காய்கறி வேண்டும். கான்டிராக்டரின் லாரி மேனாம்பேடு வரைக்கும் வந்து, விளைந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு போயிற்று. கிணற்றுத் தண்ணீருக்குத் திடீரென்று மரியாதை கூடிவிட்டது. தர்மலிங்கம் ஒரு நாள் காலையில் அண்ணியின் மாடுகளை அவிழ்த்து விரட்டிவிட்டு, "கெணறு என் நெலத்துல கீது, தண்ணி என்னுது" என்று சொல்லிவிட்டார்.

கன்னியம்மாள் வழக்குப் போட்டாள். பிரிவினை நடந்த அன்று கூட இருந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் இறந்துவிட்டார். இன்னொருவர் தர்மலிங்கத்தின் மாமனார். அன்றைக்குத் தமக்குக் காது அடைத்திருந்தது என்று கூண்டில் சொன்னார். மூன்றாமவர் மதார் பாய்.

மதார் பாய் பூந்தமல்லிக்காரர். மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலைக்குத் தோல் சால் தைத்துக் கொடுப்பவர். பிரிவினை அன்று புதுச் சாலைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போனவர், பேச்சு முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். கன்னியம்மாளின் வழக்கு முழுவதும் அந்த ஒரு மனிதர்மேல் நின்றது.

கூண்டில் மதார் பாய்

டவாலி வழக்கம்போல் ஆரம்பித்தான். "சர்வ வல்லமையுள்ள கடவுள் முன்னிலையில் நான் சொல்வதெல்லாம் உண்மை. சொல்லு பாய்."

"நான் சொல்றதெல்லாம் உண்மை."

"முன்னாடி இருக்கறதையும் சொல்லு."

"அதை நீங்கதான் சொல்லிட்டீங்களே."

கோர்ட்டில் சிரிப்பு. முன்சீப் என்னைப் பார்த்தார். பிரதிக்ஞையில் குறை இருந்தாலும் சாட்சியம் செல்லும் என்று சத்தியச் சட்டத்தின் பதின்மூன்றாவது பிரிவு சொல்கிறது. அதை மெல்லிய குரலில் நினைவூட்டினேன். "மேலே போகட்டும்" என்றார்.

மதார் பாய் பார்த்ததைச் சொன்னார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று பேசியதையும், புதுச் சாலில் முதல் தண்ணீரை அண்ணன் இறைத்ததையும், தம்பி அதைக் கையில் ஏந்திக் குடித்ததையும் சொன்னார். குறுக்கு விசாரணையில் அசையவில்லை.

அப்போது பிரதிவாதி வக்கீல் எழுந்து ஒரு காரியம் செய்தார். "இந்தச் சாட்சி, பள்ளிவாசலில், கையில் குர்ஆனை எடுத்து, இதையே சத்தியமாகச் சொன்னால் என் கட்சிக்காரர் கட்டுப்படுகிறார்" என்றார்.

சட்டத்தில் இதற்கு இடம் இருந்தது. ஒரு கட்சிக்காரர், எதிர்க்கட்சிக்காரரோ ஒரு சாட்சியோ இன்ன விதமாகச் சத்தியம் செய்தால் கட்டுப்படுகிறேன் என்று சொல்லலாம். செய்துவிட்டால், சொன்னவரைப் பொறுத்தவரை வழக்கு அதோடு தீர்ந்தது. மேற்கொண்டு சாட்சியமும் வேண்டாம், வாதமும் வேண்டாம். நிபந்தனைகள் உண்டு. சத்தியம் செய்கிறவரின் மதத்தார் மதிக்கிற முறையாக இருக்க வேண்டும். அசிங்கமாக இருக்கக் கூடாது. மூன்றாம் நபர் யாரையும் பாதிப்பதாக இருக்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையால்தான், பிள்ளை தலையில் கைவைத்துச் செய்கிற சத்தியம் கோர்ட்டில் செல்லாது. அதை எழுதிய வெள்ளைக்காரன் நம் ஊர்களைக் கொஞ்சம் கவனித்திருக்கிறான்.

கன்னியம்மாளுக்கு ஒரே சந்தோஷம். பின்னால் இருந்தே கத்தினாள். "அவ்ளோதானே! பண்ணிடு பாய்!"

மதார் பாய் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். "என்னால முடியாதுங்க."

மறுத்தால் மறுத்ததற்கான காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். முன்சீப் பேனாவை எடுத்தார். "காரணம்?"

"பயம்ங்க."

"பொய் சொன்னதால் பயமா?" என்றார் பிரதிவாதி வக்கீல்.

"நெஜம் சொன்னாலும் பயம்தான்."

அதை எப்படி எழுதுவது என்று முன்சீப்புக்கு விளங்கவில்லை. பேனாவை வைத்துவிட்டார். யோசித்து நாளைக்குச் சொல் என்று ஒத்திப்போட்டார்.

தோலுக்கே செய்யாதவர்

சாயங்காலம் புளியமரத்தடியில் தர்மலிங்கம் யாரிடமோ சிரித்துக்கொண்டிருந்தார். கட்டுகளோடு போன எனக்குக் காதில் விழுந்தது.

"அந்தாளு செய்ய மாட்டாரு மாமே. தோலுக்கே செய்யல, தண்ணிக்கா செய்யப் போறாரு?"

தோல் சங்கதி பூந்தமல்லிக் கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரியும். எத்தனையோ வருஷத்துக்கு முன்னால், ஒரு வண்டித் தோல் யாருடையது என்று மதார் பாய்க்கும் ஒரு வியாபாரிக்கும் தகராறு. தோல் மதார் பாயுடையது. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனாலும் பஞ்சாயத்தில், நீ சத்தியம் செய்து எடுத்துக்கொள் என்றார்கள். மதார் பாய் எழுந்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "அவரே எடுத்துக்கட்டும்" என்று நடந்துவிட்டார். கடைத்தெரு ஒரு மாதம் சிரித்தது. அந்தத் தோல் வண்டியை ஓட்டிவந்தது தர்மலிங்கம்.

ஆகவே, இது நன்றாக யோசித்துப் போட்ட பூட்டு. பக்தி இல்லாத சாட்சியாக இருந்தால் தர்மலிங்கம் கட்சியார் பயந்துகொண்டு இந்த வழிக்கே வந்திருக்க மாட்டார்கள். புளியமரத்தடிக்காரர் எந்தப் பள்ளிவாசலிலும் எந்தப் புத்தகத்தையும் எடுத்துவிடுவார். யார் சத்தியம் செய்தால் ஊர் நம்புமோ, அந்த மனிதர் செய்ய மாட்டார் என்று தெரிந்துதான் கேட்டிருந்தார்கள். சட்டம் எழுதியவனுக்கு இது தோன்றவில்லை. மறுப்பவன் பொய்யன் என்று நினைக்கத்தான் எல்லாக் கோர்ட்டும் பழகியிருந்தது.

நான் குடியிருந்த அறைக்குப் போகும் வழியில் மதார் பாயின் கடை. அன்று கன்னியம்மாள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். ஊறவைத்த தோலின் வாடை தெருவரை அடித்தது. மதார் பாய் தலை நிமிராமல் தோலில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தார். நானும் நின்றுவிட்டேன்.

"நான் இன்னா பொய்யா சொல்லச் சொல்றேன் பாய்? கண்ணால பாத்ததைத்தானே கேக்கறேன்."

"பாத்ததைச் சொல்லிட்டேனே தாயி."

"சொன்னா போதலியே. சாமி மேல வச்சுச் சொல்லணுமாமே." கன்னியம்மாளுக்குக் கெஞ்ச வராது. சண்டைக்காரி மாதிரிதான் பேசினாள். "கத்திரி நாத்தெல்லாம் தலை தொங்கிப் போய்க் கீது. ஏரியிலேந்து கொடத்துல மொண்டு மொண்டு இடுப்பு ஒடிஞ்சுபோச்சு. உன் சாமிக்கு இதெல்லாம் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சவரு உன்னைக் கோச்சுக்குவாரா?"

மதார் பாய் ஊசியை வைத்தார். "கோவம் இல்ல தாயி. தெனம் அஞ்சு வேளை அந்தப் பேரைச் சொல்றேன். அதைக் கொண்டாந்து கெணத்துக்கும் வரப்புக்கும் சாட்சி வச்சுட்டா, அப்புறம் தொய நிக்கும்போது எனக்கே கூசும்."

"கூசட்டும். என் புள்ளைங்களுக்குப் பசிக்குது. நீ கொஞ்சம் கூசிக்கோ."

சொல்லிவிட்டு விடுவிடென்று போய்விட்டாள்.

மதார் பாய் அவள் நின்ற இடத்தைப் பார்த்தார். பிறகு என்னைக் கவனித்தார். "ஐயா, சத்தியம் பண்ணிட்டு மன்னிப்புக் கேக்கறதுக்கு உங்க சட்டத்துல எடம் கீதா?"

"இல்லை" என்றேன். சட்டம் தெரிந்தவன் வேறு என்ன சொல்ல முடியும்?

"பரவால்ல. அது எங்க பக்கம் கீது." ஊசியை மறுபடி எடுத்தார். "நாளைக்கு ஒத்துக்கறேன்னு சொல்லிடறேன்."

மறுநாள் கோர்ட்டில் ஒப்புக்கொண்டார். பிரதிவாதி வக்கீலின் முகம் போன போக்கைப் பார்த்து முன்சீப்புக்குக்கூடச் சிரிப்பு வந்தது. யாரைக் கமிஷனராகப் போடுவது என்று இரண்டு வக்கீல்களும் தகராறு செய்ததால் என்னைப் போட்டார்.

சாயங்கால வாசல்

கமிஷனுக்கு முன் ஒரு சிறு விலகல்.

பூந்தமல்லியில் அப்போது ஒரு டிஸ்பென்சரி இருந்தது. காலையில் அதன் வாசலில் தாய்மார்கள் குழந்தைகளோடு நிற்பார்கள். ஒரு புட்டியில் சிவப்பு மிக்ஸ்சர் வாங்கிக்கொண்டு போவார்கள். அதே தாய்மார்கள், அதே குழந்தைகளோடு, சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பள்ளிவாசல் வாசலில் நிற்பார்கள். தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள், உதட்டுக்குள் எதையோ ஓதிக் குழந்தையின் முகத்தில் மெல்ல ஊதிவிட்டுப் போவார்கள். நிற்பவர்களில் முக்கால்வாசி நெற்றியில் குங்குமம் வைத்தவர்கள்.

டாக்டருக்கு இது தெரியும். அவர் ஆட்சேபிக்கவில்லை. இமாமுக்கு மிக்ஸ்சரைப் பற்றித் தெரியும். அவரும் ஆட்சேபிக்கவில்லை. காய்ச்சல் எதனால் இறங்கியது என்பதற்குச் சாட்சியம் கிடையாது. குழந்தைகள் இரண்டையும் வாங்கிக்கொண்டு, இரண்டுக்கும் அழுதன.

நான் அந்த வழியாகப் போகும்போது படித்தவனுக்குரிய புன்னகையோடு போவேன். எனக்கு உடம்பு சரியாக இருந்தது.

மறுபடி தொட்டியருகே

கற்பூரம் முடிப்புக்குள் போன இடத்தில் விட்டோம்.

வக்கீல்கள் இருவரும் மழை வரும்போல இருக்கிறது என்று வரவில்லை. வாதியும் பிரதிவாதியும் கள்ளிக்குப்பத்திலிருந்து ஒரே மாட்டுவண்டியில் வந்து இறங்கினார்கள். அந்தப் பக்கம் வந்த வண்டி அது ஒன்றுதான். தர்மலிங்கம் முன்னால் பார்த்து உட்கார்ந்தும், கன்னியம்மாள் பின்னால் பார்த்து உட்கார்ந்தும் வந்ததாக வண்டிக்காரன் சொன்னான்.

சாயங்காலத் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் உத்தரவைப் படித்தேன். மதார் பாய் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு தொட்டியருகே குந்தினார். கையைக் கழுவினார். வாய் கொப்பளித்தார். மூக்கு, முகம், முழங்கை வரைக்கும் கை. ஈரக்கையால் தலையைத் தடவினார். கடைசியில் கால்கள். தோல் சாயம் ஏறிய விரல்கள். எத்தனை கழுவினாலும் நகக்கண்ணில் கருப்பு நின்றது. ஒரு அவசரமும் இல்லை.

தர்மலிங்கம் இதைப் பார்த்துக்கொண்டே நின்றார். வர மாட்டார் என்று நினைத்த மனிதர் வந்துவிட்டார். வந்தாலும் பின்வாங்கிவிடுவார் என்று நினைத்திருக்கலாம். முற்றத்தில் காற்று இருந்தும் தர்மலிங்கத்தின் கழுத்தெல்லாம் வேர்வை.

மதார் பாய் எழுந்தார். உள்ளே போகத் திரும்பியவர் நின்றார்.

"தர்மலிங்கம், உன்மேல எனக்குக் கோவம் இல்ல. அதை இப்பவே சொல்லிடறேன். அப்புறம் மறந்துட்டா எனக்குத்தான் கஷ்டம்."

அப்போது வாசலில் இருந்து ஒரு குரல்.

"யோவ்! இன்னாய்யா நடக்குது இங்க?"

தர்மலிங்கத்தின் மனைவி செங்கேணி. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று பூந்தமல்லியில் இருந்த தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். அது கோர்ட் கட்டில் இல்லாத விவரம்; எனக்குத் தெரியாது. மற்ற பெண்களோடு வாசலில் நின்றாள். தோளில் குழந்தை துவண்டு கிடந்தது. சட்டம் விலக்கி வைத்த மூன்றாம் நபர். வயது இரண்டு இருக்கும்.

"கோர்ட் வேலை. நீ அந்தாண்ட போ" என்றார் தர்மலிங்கம்.

"போறதா? தெனம் புள்ளைக்கு ஓதி ஊதறவரு இந்த பாய்தான். இவரை நிக்க வச்சுச் சத்தியம் வாங்கறியா நீ? ஊரே பாத்துகினு கீது, உனக்குத் தெரியாதா, அண்ணிக்குப் பங்கு கீதுன்னு? நெஜம் சொன்ன வாயை நோவடிச்சுட்டு, அதே வாயால நம்ம புள்ளைக்கு ஊதச் சொல்லுவியா?"

"அவரு செய்ய மாட்டாருன்னுதாண்டி..."

தர்மலிங்கம் பாதியில் நிறுத்திக்கொண்டார். பாதியே போதுமானதாக இருந்தது.

"கேட்டுக்கினீங்களா கிளார்க்கய்யா?" என்றாள் கன்னியம்மாள். "எய்திக்கோங்க!"

புருஷன் பெண்டாட்டி பேச்சுக்குச் சாட்சியச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு உண்டு. அது தெருவுக்கே கேட்கும்படி பேசப்பட்டால் என்ன ஆகும் என்பது வேறு விவாதம். எப்படியும் எனக்குச் சத்தியத்தை எழுதத்தான் உத்தரவு. அவளிடம் அப்படியே சொன்னேன். "நல்ல உத்தரவுபா இது" என்று முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள்.

மதார் பாய் பள்ளியின் படியில் ஒரு கால் வைத்திருந்தார். தர்மலிங்கம் குறுக்கே போய் நின்றார். தொடவில்லை. கழுவியவரைத் தொடலாமா கூடாதா என்று அவருக்குத் தெரியவில்லை.

"வேணாம் பாய். எனக்குச் சத்தியம் வேணாம். உட்டுடு."

தயவும் பாத்தியமும்

ஒரு தரப்பு முன்வைத்து, மறுபக்கம் ஒப்புக்கொண்ட சத்தியத்தைத் தொட்டியருகே நின்று வாபஸ் வாங்கிவிட முடியாது. கோர்ட்டின் அனுமதி வேண்டும். இல்லையென்றால் இருவரும் ராஜியாகிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். ராஜி என்றார் தர்மலிங்கம். இமாம் ஒரு பாயை விரித்துக் கொடுத்தார். நான் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

"எய்துங்க. பாவம், பொம்பளை, ரெண்டு புள்ளைங்களை வச்சுகினு கீறா. தயவு பண்ணி, தண்ணி எடுத்துக்கட்டும்னு உடறேன்."

பேனா பாதி வழியில் இருந்தது.

"தயவா?" என்றாள் கன்னியம்மாள். "யாருக்கு வேணும் கொயுந்தனாரே உன் தயவு? எனக்குப் பாத்தியம் கீதுன்னு எய்துங்கய்யா."

"எதுன்னா இன்னா? தண்ணி வருதா இல்லியா?"

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இருவருக்கும் விளக்க வேண்டியது என் கடமை. தயவு என்று எழுதினால் கொடுத்தவர் நினைத்தபோது நிறுத்தலாம். பாத்தியம் என்று எழுதினால் அது நிலத்தோடு போகும். அவள் பிள்ளைகளுக்கும், நிலத்தை வாங்குகிறவர்களுக்கும் சேரும். சொன்னேன். தர்மலிங்கம் வெகு கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப தயவுன்னே எய்துங்க" என்றார்.

மனம் திருந்தியவர் என்று நான் அவரைப் பற்றி எங்கேயும் எழுதவில்லை. வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

அரை மணி நேரம் அந்த ஒரு சொல்லில் நின்றோம். மதார் பாய் உட்காரவில்லை, சுவரிலும் சாயவில்லை. ஈரக்கைகளைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு படியோரமாகவே நின்றார். தாடியில் இருந்து சொட்டிக்கொண்டிருந்தது நின்று, காய்ந்தும் போயிற்று.

கடைசியில் கன்னியம்மாள் எழுந்தாள். புடவையை உதறிக்கொண்டாள்.

"எனக்கு ராஜி வேணாம். பாய் உள்ள போயிச் சத்தியமே பண்ணட்டும். கைகாலெல்லாம் கயுவிகினு ரெடியாத்தான் கீறாரு."

மதார் பாய் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சரி என்றுதான் ஆட்டினார். எனக்கு அதில் சந்தேகம் இல்லை. அவர் முகத்தைப் பார்த்தபோது, நான் அதுவரை கேட்ட பிரதிக்ஞைகள் எல்லாம் எதற்காக நடந்தன என்று தோன்றியது.

தர்மலிங்கம் வாசலைத் திரும்பிப் பார்த்தார். செங்கேணி குழந்தையை ஒரு தோளில் இருந்து மறு தோளுக்கு மாற்றினாள்.

"பாத்தியம்னே எய்துங்க" என்றார் தர்மலிங்கம்.

எழுதினேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள், சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை, வாதிக்கும் அவள் வாரிசுகளுக்கும். இருவரிடமும் கைநாட்டு வாங்கினேன். இமாம் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். மை காய்வதற்குள் தொழுகைக்கு அழைப்பு வந்துவிட்டது.

"ஐயா, நான் இன்னும் வேணுமா?" என்று கேட்டார் மதார் பாய்.

"வேண்டாம்."

"அப்ப தொயுதுட்டு வந்துடறேன். செஞ்ச ஒளு வீணாவ வேணாம்."

உள்ளே போனார். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவிச் சுத்தம் செய்துகொள்வதற்கு அவர்கள் ஒளு என்று சொல்வார்கள். எதற்காகச் செய்தாரோ அதற்கு வேண்டியிருக்கவில்லை. தினமும் எதற்காகச் செய்வாரோ அதற்கு உதவியது.

வெளியே வந்தவர்களோடு அவரும் வந்தார். வாசலில் வரிசையாக ஊதிக்கொண்டே போனார். செங்கேணியின் குழந்தைக்கும் ஊதினார்; மற்றக் குழந்தைகளுக்கு எடுத்த நேரம்தான் அதற்கும். பெண்டாட்டியின் பின்னால் தர்மலிங்கம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

வண்டி ஏறும்போது கன்னியம்மாள் கையை நீட்டினாள். "அந்தக் கற்பூரத்தைக் குடு கொயுந்தனாரே. போற வயில பிடாரி கோயில் கீது. ஏத்திட்டுப் போலாம்."

"அணைக்கறதுக்கு வாங்கினது அண்ணி அது."

"தானா அணையும். குடு."

ரிடர்ன்

மறுநாள் கமிஷன் உத்தரவைக் கோர்ட்டுக்குத் திருப்பிக் கொடுத்தேன். அதன் அடியில், நடந்ததை நான் எழுத வேண்டும்; அதற்குத்தான் ரிடர்ன் என்று பெயர். முன்சீப் படிப்பதற்கு முன்பே கேட்டார்.

"சத்தியம் செய்தாரா?"

"இல்லை."

"மறுத்தாரா?"

"இல்லை."

செய்தால் பதினோராவது பிரிவு, மறுத்தால் பன்னிரண்டாவது. இரண்டும் இல்லாததற்குப் பிரிவு கிடையாது. முன்சீப் ராஜியைப் படித்தார். பாத்தியம் என்ற சொல்லின்மேல் விரலை வைத்து ஒரு கணம் நிறுத்தினார். அதன்படி தீர்ப்பு எழுதச் சொன்னார். கன்னியம்மாளின் மாடுகள் மறுநாள் கவலை இறைத்தன.

ரிடர்னில் நான் இரண்டு வாக்கியங்கள் எழுதியிருந்தேன். சாட்சி சத்தியம் செய்யவில்லை. செய்ய வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

முன்சீப் சிவப்பு மையால் இரண்டாவது வாக்கியத்தை அடித்தார். ஓரத்தில், 'இது கமிஷனரின் அபிப்பிராயம்' என்று எழுதிச் சின்னதாகக் கையெழுத்தும் போட்டார்.

அவர் செய்தது முற்றிலும் சரி. அபிப்பிராயம் சொல்ல எனக்கு உத்தரவு இல்லை.